லைன் கிளியரா?

(தலைப்பு: ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் சொல்லித் தருவது அகராதியா, அனுபவமா? ‘அனுபவமே’ அணியில் பேசியது.)

அகராதியும் கையுமாக வந்திருக்கும் எதிரணி நண்பர்களே! அவங்களுக்குத் தட்டின கை சிவந்துபோய், எனக்குத் தட்டலாமா வேண்டாமான்னு யோசிக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! (சிரிப்பு)

நான் ஈரோடு பக்கம். இங்கிலீஷ் டீச்சர். எங்க அப்பா லைன்மேன். இந்த ரெண்டையும் முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் பேசப் போறதே ‘லைன்’ங்கிற ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான்.

எதிரணி சார் சொன்னார், “வார்த்தை புரியலையா? அகராதியைப் புரட்டு, வேலை முடிஞ்சது” என்று. சரி சார். என் வகுப்பில் ஒரு பையன் புரட்டினான். லைன் என்றால் ‘கோடு’. மார்க் போட்டேன். அடுத்த வாரம் பாடத்தில் ஒரு அத்தை ஊருக்குக் கிளம்பும்போது மருமகனிடம் ‘டிராப் மி எ லைன்’ என்கிறாள். பையன் எழுதினான்: “அத்தை ஒரு கோட்டைக் கீழே போடச் சொன்னாள்.” (பலத்த சிரிப்பு) ரெண்டு வரி கடுதாசி போடுப்பா என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தப் பையன் என்ன செய்வான் பாவம், அவன் வீட்டுக்கு எந்த அத்தை கடுதாசி போட்டாள்?

கோடு என்பதே அந்தச் சொல்லுக்குப் பிறகு வந்த பொருள்தான். லத்தீனில் ‘லினியா’ என்றால் ஆளிச் செடியின் நாரில் திரித்த நூல். ‘லினன்’ துணி என்கிறோமே, அதுவும் அந்தச் செடியின் பெயரிலிருந்து வந்ததுதான். நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும் இல்லையா? அப்படித்தான் நூல் கோடாச்சு. தூண்டில் கயிறும் லைன், கவிதையில் ஒரு அடியும் லைன், நடிகர் மனப்பாடம் பண்ணுகிற வசனமும் லைன். வெள்ளைக்காரன் ‘க்யூ’வில் நிற்பான், அமெரிக்காக்காரன் ‘லைன்’ல நிற்பான். நம்ம ரேஷன் கடையில ரெண்டு பேருமே நிற்பாங்க! (சிரிப்பு) துணி காயப்போடுற கயிறும் அவங்களுக்கு லைன்தான், நமக்குக் கொடி. அதுக்காக இங்கிலீஷ்காரனைத் திட்டாதீங்க. செடிகொடி, தேசியக்கொடி, தாலிக்கொடி, தொப்புள்கொடின்னு நாம படுத்துற பாடு அவனுக்குத் தெரியாது. (கைதட்டல்) காலேஜ் பசங்க ‘லைன் அடிக்கிறது’ன்னு சொல்றதுக்கு மட்டும் நான் பொருள் சொல்ல மாட்டேன். நடுவர் ஐயா சிரிக்கிறார், அவருக்கு அனுபவம் இருக்கு! (சிரிப்பு)

எங்க ஊர்ப் பக்கம் ‘லைன் வீடு’ம்பாங்க. வரிசையா பத்து வீடு, நடுவில் ஒரே சுவர், எல்லாருக்கும் ஒரு குழாய். பக்கத்து வீட்டில் இருமினால் நாம எழுந்து தண்ணி கொடுக்கணும். அதே சொல் கடல் தாண்டிப் போய் இலங்கை மலையகத்தில் ‘லயன்’ ஆச்சு, ‘லயம்’ ஆச்சு. முதலில் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்குமாக, நம்ம ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போய் வெள்ளைக்காரன் அடைத்து வைத்த இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதற்குள்ளேதான் அடுப்பு, அதற்குள்ளேதான் பிரசவம். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடே இல்லாதவர்களாக்கியபோது, அவர்களுக்கு மிச்சமிருந்த முகவரி அந்த ‘லயன்’தான். இந்தப் பொருளை, சார், அகராதி ஒரு வரியில் சொல்லிவிடும். அந்த அறையில் ஒரு ராத்திரி படுத்தவனுக்குத்தான் அது தெரியும்.

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன்.

எங்க மாமா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். அவரும் ‘லைன் கிளியர்’ என்பார், அப்பாவும் ‘லைன் கிளியர்’ என்பார். மாமா சொன்னால், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பாதை காலி, வண்டி வரலாம்னு அர்த்தம். அப்பா சொன்னால், சப்-ஸ்டேஷனில் கரண்டை நிறுத்தி நோட்டில் எழுதியாச்சு, இனி வராது, கம்பியில் கை வைக்கலாம்னு அர்த்தம். ஒருத்தருக்கு ‘வரும்’, இன்னொருத்தருக்கு ‘வராது’! தீபாவளிக்கு மாமா வந்தால் இலையில உட்கார்ந்து இதைச் சொல்லியே சிரிப்பாங்க.

1986-ல் ஒருநாள். நான் ஏழாவது படிக்கிறேன். அப்பா லைன் கிளியர் வாங்கிக்கொண்டு 11,000 வோல்ட் கம்பியில் ஏறியிருக்கிறார். வேலை இழுத்துவிட்டது. இன்னும் அரை மணி ஆகும்னு சொல்லிட்டு வாடான்னு கூட இருந்த பையனை ரைஸ் மில் போனுக்கு அனுப்பினார். அவனுக்குப் பத்தொன்பது வயசு, வேலைக்கு வந்து ரெண்டு மாசம். போனில் ஒரே கொரகொரப்பு. அந்தப் பக்கம் இருந்தவர் கத்திக் கேட்டார், “லைன் கிளியரா?” வேலை முடிஞ்சு ஆள் இறங்கியாச்சான்னு அவர் கேட்டார். போன் சரியாக் கேக்குதான்னு இவன் நினைச்சான்.

“நல்லா கிளியரா இருக்கு சார்!”

சேதி சொல்றதுக்குள்ளே போன் கட் ஆயிடுச்சு. அங்கே சுவிட்சைப் போட்டுவிட்டார்கள்.

அப்பா கம்பத்துக்கு ரெண்டு பக்கமும் எர்த் மாட்டாமல் கம்பியைத் தொடவே மாட்டார். கூட வேலை செய்யறவங்க அதுக்காகக் கேலி பண்ணுவாங்க, ‘அண்ணன் கல்யாணத்துக்குத் தோரணம் கட்டறார்’னு. அன்னைக்கு வந்த கரண்ட் அந்த வழியா மண்ணுக்குள் போச்சு. டமார்னு சத்தம், நெருப்புப் பொறி, சப்-ஸ்டேஷனில் டிரிப். அப்பா இடுப்பு பெல்ட்டில் தொங்கினார். இடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. உயிர் இருந்துது.

அந்தப் பையன் மூணு நாள் எங்க திண்ணையை விட்டுப் போகலை. அழுதுகிட்டே இருந்தான். கட்டுப் போட்ட கையோட அப்பாதான் அவனை உள்ளே கூப்பிட்டுச் சோறு போடச் சொன்னார். அம்மா போட்டாங்க, ஆனா முகம் கொடுத்துப் பேசலை. அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா யாரிடமும் ‘லைன் கிளியரா’ என்று கேட்டதில்லை. “கம்பத்து நம்பர் என்ன? மேலே யார் யாரு? எல்லாரும் இறங்கியாச்சா? பேரைச் சொல்லு” என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ரிட்டயர் ஆகி வெகுகாலம் ஆகிவிட்டது. இன்றைக்கும் நான் போன் பண்ணி, வாய் தவறி, “லைன் கிளியரா இருக்காப்பா?” என்று கேட்டுவிட்டால் ஆமாம்னு சொல்ல மாட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொல்வார்:

“உன் குரல் கேக்குதும்மா.”

(கைதட்டல்)