செய்ந்நன்றி அறிதல் என்னும் நோன்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவின் இறுதியில் நம் செயலாளர் நன்றியுரை நவில்வார். அதற்குள் அவையில் பாதிப்பேர் மின்சார ரயிலை நினைத்து எழுந்துவிடுவர். அது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி. நாம் இன்று பேச எண்ணுவது அந்த நன்றியைப் பற்றியன்று.

திருவள்ளுவர் தம் நூலின் பதினோராம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று தலைப்பிட்டார். அங்கே நன்றி என்பது நன்மை. பிறர் நமக்குச் செய்த நன்மை. அதனைக் கூறுதல் என்று அவர் சொல்லவில்லை, அறிதல் என்றார். பெற்ற தாயிடம் சோறுண்டு எழுந்து 'நன்றி' என்று சொல்லும் வழக்கம் நம் இல்லங்களில் இல்லை; சொன்னால் அவள் மனம் புண்படும். ஆயினும் அவள் உண்டாளா, பானையில் சோறு மிஞ்சிற்றா என்று பார்க்கத் தெரிந்த பிள்ளையே நன்றி அறிந்த பிள்ளை. சொல் வாயோடு முடிந்துவிடும். அறிவதற்கோ உழைப்பு வேண்டும். ஆகவேதான் இதனை ஒரு நோன்பாகக் கொள்ளல் வேண்டும் என்கிறோம்.

நோன்பு என்றதும் அஞ்சவேண்டா. மாலையில் விளக்கேற்றும் வேளையில், நாளைக்கு ஒருவராக, நமக்கு நன்மை செய்தவரை நினைத்தல், அவர் செய்தது இன்னதென்று தெளிவாக நினைத்தல், அவ்வளவே. முதற்சில நாட்கள் எளிதாகக் கழியும். தகரப் பெட்டியோடு தாதர் நிலையத்தில் வந்திறங்கிய நம்மவர்க்கு மாதுங்காவிலோ தாராவியிலோ பாய் விரிக்க இடம் கொடுத்த ஊர்க்காரர் நினைவுக்கு வருவார். முதல் வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தந்தவர் வருவார்.

பிறகுதான் கடினம் தொடங்கும். நமக்குத் தீங்கு செய்தோர் கூட்டத்திலேயே நன்மை செய்தோரும் நிற்கக் காண்போம். 1960-களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னாட்டாருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. உடுப்பி உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. அந்நாட்களைக் கண்ட முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உளர். அவர்களே, பேறுகாலத்தில் நள்ளிரவில் வண்டி தேடி ஓடிய மராத்தி அண்டைவீட்டாரைப் பற்றியும் சொல்வர். கொல்லுதற்கு ஒப்பான இன்னாமையும், அதனைச் செய்தவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்த அளவில் மறையும் என்பது வள்ளுவர் கருத்து. ஈண்டு ஒன்று சொல்லியாக வேண்டும்: நன்றியின் பெயரால் தலைகுனிந்து வாழ்தல் இதன் பொருளன்று. அநீதியை அநீதி என்று சொல்லிக்கொண்டே அண்டைவீட்டாரை மறவாதிருக்கலாம். பகையின் கணக்கை மட்டும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் பாதிக் கணக்கைச் சொல்வதாகும்.

நாட்கள் செல்லச் செல்லப் பெயர்கள் தீர்ந்துபோகும். நோன்பின் பயன் அங்கேதான் தொடங்குகிறது என்பது நம் துணிபு. நீத்தார்க்கு எள்ளும் நீரும் இறைப்போர், தம் குலத்தாரோடு நில்லாது, சுற்றம் எவருமில்லாதார்க்கும் நீர் வார்க்கும் வழக்கம் உண்டு. முகம் அறியாதவர்க்கும் நாம் கடன்பட்டுள்ளோம் என்ற உணர்வே அதன் உயிர்.

அத்தகையோர் மும்பைக்கு வடகிழக்கே சகாப்பூர் வட்டத்தில் வாழ்கின்றனர். விடியற்காலையில் நம் குழாயில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது? விகார், துளசி ஏரிகள் நகருக்குள்ளேயே உள்ளன. ஆனால் 1892-இல் முடிந்த தான்சா அணையும், இன்று நகரின் நீரில் ஏறத்தாழப் பாதியைத் தரும் பாத்சா நீர்த்தேக்கமும் சகாப்பூர் வட்டத்தில் இருக்கின்றன. அங்கிருந்து பருத்த குழாய்கள் காடும் வயலும் கடந்து வருகின்றன. அவ்வட்டத்து ஆதிவாசிச் சிற்றூர்கள் பலவற்றில் சித்திரை, வைகாசியில் கிணறுகள் வற்றுகின்றன. பெண்கள் தலையில் குடம் மேல் குடம் வைத்து நெடுந்தொலைவு நடக்கின்றனர். தண்ணீர் லாரி வரும் நாளுக்குக் காத்திருக்கின்றனர். நீர்த்தேக்கம் கண்ணுக்குத் தெரியும் தொலைவிலே நீருக்கு அலையும் ஊர்களும் உண்டு. அவர்கள் மண்ணில் தேங்கிய நீரில் நாம் காலையில் முற்றம் தெளித்துக் கோலமிடுகிறோம்.

இதனை அறிந்தபின் குழாயை முன்போல் திறந்துவிட்டு நிற்க நம் கைக்கு மனம் வாராது. ஆனால் சிக்கனத்தோடு நின்றால் அது நம் வீட்டுக் குடத்துக்கே நன்மை. ஆதலால் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். ஆண்டுதோறும் கோடையில் நாம் சுற்றுலாவுக்கு லோனாவாலா செல்கிறோம். வரும் சித்திரையில் பேருந்தைச் சகாப்பூர்ப் பக்கம் திருப்புவோம். மராத்தி நன்கறிந்த நம் இளைஞர்கள் முன்னே செல்லட்டும். கிணறு தூர்வாரவோ, நீர்த்தொட்டி கட்டவோ, அவ்வூர்ப் பெண்கள் எதை வேண்டுவர் என்று அவர்களையே கேட்டுவருவோம். செலவுக்கு இம்மலரின் விளம்பர வருவாயில் ஒரு பகுதியை ஒதுக்கலாம். பொருளாளர் அவர்கள் இதோ முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.