அவையறிதலும் அறிவுரையும்



சொல்லால் வாழ்வோரில் இரு வகையினர் உளர். மேடையேறிப் பேசுவோர் ஒரு வகை; நாடி வந்தோர்க்கு அருகிருந்து அறிவுரை கூறுவோர் மற்றொரு வகை. இருவரையும் மக்கள் தேடி வருவது தம் தேவை கருதியே. பேருந்துக் கட்டணமும் பொன்னாடையும் அளித்து அழைக்கும் ஊரார்க்கு, வருபவர் எத்தனை நூல் கற்றார் என்று கணக்கெடுக்கும் எண்ணம் இல்லை. இதை மறந்த பேச்சாளர் திருமண வீட்டிலும் இரங்கற் கூட்டத்திலும் ஒரே உரையை முன்பின்னாக மாற்றி ஆற்றிவிட்டு வருகிறார்.

வள்ளுவர் இவ்விரு தொழிலையும் ஒன்றாகவே வைத்துக் கண்டார். அரசனுக்கு அறிவுரை கூறும் அமைச்சனைப் பற்றிய பகுதியில்தான் சொல்வன்மை 65ஆம் அதிகாரமாக அமைகிறது. குறிப்பறிதல் 71, அவையறிதல் 72, அவையஞ்சாமை 73. இன்று வழங்கும் இவ்வைப்புமுறையில், அஞ்சாமல் பேசும் துணிவு கடைசியாகவே வருகிறது. நம் மேடைகளிலோ துணிவு முதலில் வந்துவிடுகிறது. மற்ற இரண்டும் பல வேளைகளில் வருவதே இல்லை! நன்னூலார் பவணந்தியும் பாடஞ் சொல்லும் முறையை வகுக்கையில், இடமும் காலமும் நோக்கி, கேட்பவன் ஏற்கும் திறமறிந்து சொல்லவேண்டும் என்றே விதித்தார்.

இதற்கு இலக்கியமாக விளங்கியவர், காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்து 1993இல் மறைந்த திருமுருக கிருபானந்த வாரியார். திருப்புகழும் புராணங்களும் அவர் நாவில் நின்றன. ஆயினும் முன்வரிசையில் அமர்ந்த சிறுவர்களிடம் கேள்வி கேட்பார். சரியான விடை சொன்னவர்க்குப் பரிசளிப்பார். கதைகேட்க வந்த குடும்பத்தில் மிக எளிதில் சலிப்படைவது குழந்தை. அது அழுதால் தாய் எழுந்து செல்வாள். அவளுக்கு அன்றைய கதை அவ்வளவோடு முடிந்தது. குழந்தையை அமர்த்தியவர் குடும்பத்தையே அமர்த்தினார். கற்றோர் சுவைக்கும் நுட்பமும் அதே உரையில் இடம்பெற்றது. புலமையைக் குறைத்துக்கொள்ளாமலே அதனைக் கேட்போர் இருக்கும் இடத்திற்குக் கொண்டு சேர்த்தார்.

கேட்போர் விரும்புவதையே சொல்லுவது அவர்தம் தேவையை முன்வைப்பதாகிவிடுமா? ஆகாது. அரசன் தானும் அறியாமல், அறிந்தோர் சொல்லையும் தள்ளுபவன் ஆயினும், அவனுக்கு உறுதியானதை எடுத்துரைப்பது அமைச்சன் கடன் என்று 64ஆம் அதிகாரம் கண்டிப்பாகச் சொல்கிறது. அரசனிடம் அதைச் சொல்வது எத்துணை இடர் என்பதை வள்ளுவர் அறியாதவர் அல்லர்.

பாவலர் கூடியுள்ள இவ்வவையில் இக்கடன் அணிந்துரையின் வடிவில் வருகிறது. முதல் தொகுப்பின் கையெழுத்துப் படியுடன் இளங்கவிஞர் மூத்தவரின் வாயிலில் நிற்கிறார். அவர் விரும்புவது பாராட்டு. அவர்க்குத் தேவையானது, எண்பது கவிதைகளில் முப்பதை நீக்கவேண்டும் என்னும் சொல். மூத்தவர்க்கும் நேரமில்லை; பிள்ளையின் மனம் நோகுமே என்ற தயக்கமும் உண்டு. எனவே புதிய விடியல் என்றும் பூபாளம் என்றும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுகிறார். இளைஞர் மனைவியின் வளையலை அடகு வைத்து ஆயிரம் படிகள் அச்சிடுகிறார். வெளியீட்டு விழாவில் நூறு படிகள் போகின்றன. எஞ்சிய கட்டுகள் பரணில் ஏறுகின்றன, அந்த அணிந்துரையோடு. கையில் பென்சிலோடு ஒரு மாலைப்பொழுது அவரருகே அமர்ந்திருந்தால் மூத்தவர்க்கு ஆகியிருக்கக்கூடிய செலவு, ஒரு மாலைப்பொழுதுதான்.