நாலு மாதச் சம்பாத்தியம்

குல்மார்க் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், கடல் மட்டத்திலிருந்து 8,700 அடி உயரத்தில் இருக்கிற சின்ன ஊர் அது. டிசம்பர் பாதியில் பனி விழ ஆரம்பித்தால் மார்ச் வரை மலைச்சரிவு முழுக்க வெள்ளைதான். இந்தியாவில் பனிச்சறுக்கு என்றால் முதலில் அந்த ஊரைத்தான் சொல்வார்கள். 1927-லேயே வெள்ளைக்காரர்கள் அங்கே பனிச்சறுக்குச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். 1998-ல் ரோப் கார் வந்தது. 2005-ல் அதை இன்னும் மேலே, சுமார் 13,000 அடி உயரத்தில் இருக்கிற அபர்வத் மலைவரை நீட்டினார்கள்.

பனியைப் பற்றி நிறையப் பேர் பேசியாயிற்று. நான் பேச வந்தது அங்கே வேலை செய்கிறவர்களைப் பற்றி.

நம் ஊரிலிருந்து போகிற குடும்பங்கள் குல்மார்க்குக்குக் கீழே, 13 கிலோமீட்டரில் இருக்கிற தங்மர்க்கில் நின்று, முழங்கால்வரை வருகிற ரப்பர் பூட்சும் கனத்த கோட்டும் வாடகைக்கு எடுப்பார்கள். அங்கேயே பலர் சங்கிலி கட்டிய டயர் வைத்த வண்டிக்கு மாறிக்கொள்வார்கள். மேலே போய் இறங்கினால் இன்னொரு கூட்டம் சூழ்ந்துகொள்ளும். சறுக்கக் கற்றுத் தருகிறேன் என்று ஒருவர், குதிரையில் ஏற்றிப் போகிறேன் என்று ஒருவர், சூடாக டீயும் நூடுல்சும் விற்க ஒருவர். மரப்பலகை வண்டி ஒன்றையும் காட்டுவார்கள். நாம் அதில் உட்கார வேண்டும், ஒரு மனிதர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் இழுத்துப் போவார். மேட்டில் மூச்சு வாங்க இழுத்து, சரிவில் நம்மோடு சேர்ந்து வழுக்கி வருவார். அதில் ஏறி உட்காரச் சிலருக்கு மனசு வராது. ஆனால் உட்காராமல் போனால் அவருக்கு அன்றைய கூலி இல்லை.

இவர்களில் மிகப் பலர் குல்மார்க்கில் குடியிருப்பவர்கள் அல்ல. தங்மர்க் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலையில் ஏறி, சாயங்காலம் இறங்குகிறவர்கள். டிசம்பர் 21-லிருந்து 40 நாளை அங்கே சில்லை கலான் என்கிறார்கள். குளிரின் உச்சம் அது. நாம் இங்கே பொங்கல் வைக்கிற நாள் அந்த நாற்பதுக்கு நடுவில்தான் வருகிறது. குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். ஃபிரன் என்கிற நீண்ட அங்கிக்குள், பிரம்புக்கூடையில் வைத்த நெருப்புச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடமாடுவார்கள். காங்கிரி என்று அதற்குப் பெயர். கோடையில் கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளியை அரிந்து வெயிலில் காயவைத்துச் சேமித்திருப்பார்கள். பனியில் வழி அடைபட்ட நாளில் அதுதான் குழம்பு. நம் வீட்டுப் பாட்டிகள் இதைக் கேட்டால் உடனே ஒப்புக்கொள்வார்கள். கத்தரி வற்றலும் சுண்டை வற்றலும் போட்டு ஐப்பசி மழையைச் சமாளித்தவர்கள் அவர்கள்.

அப்படி இருக்கையில், 2024 ஜனவரியில் வெகு நாள் குல்மார்க்கில் பனியே விழவில்லை. சில்லை கலான் கிட்டத்தட்ட முடிகிற வரைக்கும் மலை காய்ந்த பழுப்புப் புல்லாகக் கிடந்தது. அறை பதிவு செய்தவர்கள் ரத்து செய்தார்கள். மாதக் கடைசியில்தான் பனி வந்தது. அடுத்த வருஷம், 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள்.

பலகை வண்டி இழுக்கிறவருக்கு அந்த ஜனவரி என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே நேரத்தில் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவர்களும் நெல் பயிரிடுகிறவர்களும் கவலையில் இருந்தார்கள். அவர்கள் பயம் வேறு. மலையில் பனி தங்கினால்தான் அது வெயில் காலத்தில் உருகி ஓடைக்கும் வாய்க்காலுக்கும் வரும். ஜனவரியில் விழாத பனி, ஜூனில் நாற்று நடும்போது தண்ணீர் இல்லாமல் தெரியவரும். சுற்றுலாக்காரருக்கு அந்தப் பனி விளையாட்டு மைதானம், விவசாயிக்கோ மலைமேல் கட்டி வைத்த ஏரி.

ஏரி என்று சொல்லிவிட்டேன். இனி நம் பக்கம் வந்துவிடலாம்.

நம் உத்திரமேரூர்க்காரர்களுக்கு சீசன் என்றால் வேடந்தாங்கல் பறவைச் சரணாலயம்தான். 2019-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது அது செங்கல்பட்டுக் கணக்கில் போய்விட்டது. அதனால் என்ன, பறவைகளுக்கு ஜில்லா எல்லை தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் நவம்பர் வாக்கில் பறவைகள் சேரும், மார்ச்வரை இருக்கும். அந்த நாலைந்து மாதம் படாளம் கூட்டுச்சாலையிலிருந்தே வண்டிகள் திரும்பும். பைனாகுலர் வாடகைக்குத் தருகிறவர், இளநீர் வெட்டுகிறவர், மாங்காய்க் கீற்றும் வேகவைத்த கடலையும் விற்கிற அம்மாக்கள், ஆட்டோக்காரர்கள் என்று ஒரு சின்ன ஊர் முளைக்கும். தங்மர்க்கில் பூட்ஸ் வாடகை, வேடந்தாங்கலில் பைனாகுலர் வாடகை. பிழைப்பின் அமைப்பு ஒன்றேதான்.

கடலை விற்கிற ஒரு அம்மாவிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். “ஏரி ரொம்பணும் சார். ரொம்பினா பட்சி வரும், பட்சி வந்தா ஜனம் வரும். ரொம்பலன்னா நான் நடவுக்குப் போயிடுவேன்” என்றார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: ஏரி நிரம்பாத வருஷத்தில் நடவும் குறையத்தானே செய்யும்? 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் அறுபது சதவீதத்துக்கும் மேல் பொய்த்தது. கடைக்கும் வயலுக்கும் சேர்த்து விழுந்த அடி அது.

ஆனாலும் வேடந்தாங்கலுக்குக் குல்மார்க்கின் ரோப் காரைவிடப் பழைய ஒரு ஏற்பாடு உண்டு. ஏரி சின்னது, சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனையும் கீரியும் கூட்டை எட்ட முடியாது என்ற தைரியத்தில் பறவைகள் அங்கே கூடு கட்டுகின்றன. நாரை, நீர்க்காகம், கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா என்று ஆயிரக்கணக்கில் அடைகிறபோது எச்சம் எல்லாம் தண்ணீரில்தான் விழும். அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. தழைச்சத்தும் கூடவே போகிறது, உரச் செலவு குறைகிறது. நுழைவுச் சீட்டு என்று ஒன்று வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கணக்கு ஊராருக்குத் தெரியும்.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் நேராகக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள் என்று சொல்வார்கள். 1798-ல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று எழுதியே கொடுத்தார். இந்தப் பிளேஸ் துரையை நீங்கள் வேறு கதையில் சந்தித்திருப்பீர்கள். மதுராந்தகம் ஏரி உடையப்போகிற ராத்திரியில் கரையில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நிற்கக் கண்டதாகச் சொல்லப்படுகிறவர் இவரேதான். ஏரி காத்த ராமர் கோயில் போனால் இன்றைக்கும் இவர் பேச்சு வரும். நிர்வாகத்தில் அவர் கறாரான மனிதர். இந்த ஜில்லாவில் ஏரி போனால் வரி போகும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேடந்தாங்கல் பறவை எல்லாம் சைபீரியாவிலிருந்து வருகிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஊசிவால் வாத்து மாதிரி சில இனங்கள் நிஜமாகவே வடக்கே வெகு தூரத்திலிருந்து வருகின்றன. ஆனால் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற நாரைகளும் நீர்க்காகங்களும் நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரும் இரையும் எங்கே இருக்கிறதோ அங்கே நகர்கிறவை.

அந்த இரை எங்கே இருக்கிறது? 30 ஹெக்டேர் ஏரி இத்தனை வாய்க்குச் சோறு போட முடியாது. கூடு அங்கே, சாப்பாடு சுற்றுவட்டாரத்தில். நத்தைகுத்தி நாரை நம் நெல் வயலில் இறங்கி நத்தை பொறுக்கும். பக்கத்துக் கரிக்கிலி, மதுராந்தகம், நம் உத்திரமேரூர்ப் பகுதி ஏரிகள் எல்லாம் அந்தச் சமையலறையில் சேர்ந்தவை. பல்லவர் காலத்தில் வைரமேக தடாகம் என்று பெயர் பெற்ற ஏரி நம்முடையது. அதைப் பார்த்துக்கொள்ள ஊர்ச் சபையில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருந்தது. குடவோலை முறையைப் பெருமையோடு சொல்கிறோமே, பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அது ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்றும் பதவிக் காலம் 360 நாள் என்றும் விதிக்கிறது. குடத்திலிருந்து ஓலை எடுத்த விதத்தைத்தான் எல்லோரும் பேசுகிறோம். தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த ஆறு பேர் கரையில் செய்த வேலையை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

1998-ல் வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டரைச் சரணாலயமாக அறிவித்ததற்கும் காரணம் இதே சாப்பாட்டுக் கணக்குத்தான். அந்த 5 கிலோமீட்டருக்குள் கிராமங்கள் இருக்கின்றன, பட்டா நிலம் இருக்கிறது, சின்னச் சின்ன ஏரிகள் இருக்கின்றன. 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு யோசனை வந்தது. பலத்த எதிர்ப்பு கிளம்பி அது கைவிடப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் கோடையில் மாடு மேய்த்துப் பால் கறக்கிறவர்கள் பலர் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு ஆசிரியர்களாக மாறுகிறார்கள். ஒன்று போனால் ஒன்று கை கொடுக்கும் என்று பேர். தங்மர்க்கில் பலகை வண்டி இழுக்கிறவருக்குக் கீழே கொஞ்சம் தோட்டம் இருந்தால் ஒரு கெட்ட ஜனவரியைத் தாண்டிவிடுவார், இல்லாதவர் வெளியூருக்குக் கூலிக்குப் போக வேண்டும். வேடந்தாங்கலிலும் அதே கதைதான். மதகுக்குக் கீழே காணி உள்ளவருக்குப் பறவையின் பலன் வயலிலேயே கிடைத்துவிடும். காணி இல்லாத கடலைக்கார அம்மாவுக்கு நுழைவாயிலில் கூடுகிற ஜனம் மட்டும்தான் அறுவடை. ஏரியின் பலன் ஊருக்கு என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

இந்த வருஷம் நீங்கள் வேடந்தாங்கலுக்குப் போவதாக இருந்தால் ஏரி நிரம்பியிருக்கிறதா என்று முதலில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் போகாதீர்கள். நாலு மணிக்கு மேல் போனால் மேயப் போன பறவைகள் கூட்டத்துக்குக் கூட்டம் திரும்புவதைப் பார்க்கலாம். கடலை வாங்கும்போது பேரம் பேசாதீர்கள், அவர்களுக்கு ஏப்ரலும் மேயும் இருக்கிறது. கரையில் நடக்கும்போது தண்ணீர்ப் பக்கம் மட்டும் பார்க்காமல் மறுபக்கம் இருக்கிற நெல்லையும் ஒருமுறை பாருங்கள்.