பெட்டிக்குள் அடைபட்ட காற்று



காரில் ஏறி அமர்ந்ததும் இசையைக் கேட்க விரும்புவோர் இன்று பலர். அவ்விசையின் அடித்தளமாகிய மந்தர ஒலி நிறைவாகக் கேட்க வேண்டும் என்னும் ஆவலால், சப்வூஃபர் என்னும் பெரிய ஒலிபெருக்கியை ஒரு மரப்பெட்டியில் பொருத்தி டிக்கியில் வைக்கிறார்கள். வைத்த பின்னரோ, எந்தப் பாட்டைப் போட்டாலும் 'தும் தும்' என்ற ஒரே முழக்கம். உடனே, ஆற்றல் மிகுந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கிவர ஓடுகிறார்கள். முதன்முதலாகக் கைக்கு வந்த சம்பளம் இவ்வாறு கரைவதை நான் கண்டதுண்டு. குறை பெரும்பாலும் விலையுயர்ந்த கருவிகளில் இருப்பதில்லை. அவற்றுள் மலிவானதாகிய பெட்டியில் இருக்கிறது.

பெட்டி எதற்கு? ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது. அதே நொடியில் பின்புறக் காற்று தளர்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிக்கக்கூடியவை. 40 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். அதன் முன்னே 30 சென்டிமீட்டர் கூம்பு எம்மாத்திரம்? முன்னே நெருங்கிய காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னே ஓடிவிடும். மந்தர ஒலி மறைந்துவிடும். பின்புற ஒலியைச் சிறைப்படுத்துவதே பெட்டியின் முதல் வேலை.

அதற்கு இரண்டாவது வேலை ஒன்றும் உண்டு. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கைப்பிடி வில்போல் எதிர்த்துத் தள்ளும். பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் அவ்வாறே ஒரு வில். பெட்டி சிறிதானால் வில் விறைப்பாகும், பெரிதானால் தளரும். 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர், இந்தக் காற்று வில்லையே கூம்பின் முதன்மையான தாங்கியாக்கி, சிறிய பெட்டியிலிருந்து ஆழ்ந்த ஒலியைப் பெற்றுக் காட்டினார். பின்னர் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் வெளியிட்ட ஆய்வுகளால் பெட்டி செய்வது கணக்காகவே ஆகிவிட்டது.

அக்கணக்குப் பள்ளி மாணவர்க்கும் எளிதே. நல்ல ஒலிபெருக்கியுடன் வரும் தாளில் மூன்று எண்கள் இருக்கும். எஃப்.எஸ் என்பது கூம்பின் இயல்பான அதிர்வெண். கியூ.டி.எஸ் என்பது அதன் அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதற்கு அளவு. வி.ஏ.எஸ் என்பது, கூம்பைத் தாங்கும் அமைப்புக்கு நிகரான விறைப்புள்ள காற்றின் கன அளவு. இந்த வி.ஏ.எஸ்ஸைப் பெட்டியின் கன அளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். கிடைத்த எண்ணால் முதலிரண்டு எண்களையும் பெருக்குங்கள்.

ஒலிபெருக்கியின் எண்கள் முறையே 30 ஹெர்ட்ஸ், 0.5, 30 லிட்டர் என்று கொள்வோம். 30 லிட்டர் மூடிய பெட்டியில் வைத்தால் வர்க்கமூலம் 1.41, ஒத்ததிர்வு 42 ஹெர்ட்ஸ், அடக்க எண் 0.7. இது சமநிலையான ஒலி. அதே ஒலிபெருக்கியை 10 லிட்டர் பெட்டியில் திணித்தால் வர்க்கமூலம் 2. ஒத்ததிர்வு 60 ஹெர்ட்ஸுக்கு ஏறும், அடக்க எண் 1 ஆகும். அப்போது 60 ஹெர்ட்ஸை ஒட்டிய சுரங்கள் முந்திக்கொண்டு நிற்கும். அவற்றுக்குக் கீழுள்ளவை விரைந்து தேயும். அந்த 'தும் தும்' பிறக்கும் வழிகளில் இது முக்கியமானது.

அளவெடுப்பதிலும் கவனம் வேண்டும். வெளிப்புறம் 40, 35, 30 சென்டிமீட்டர் உள்ள பெட்டி 42 லிட்டர் என்று தோன்றும். பலகை 18 மில்லிமீட்டர் கனமானால் உள்ளே இருப்பது 30 லிட்டரே! ஒலிபெருக்கியின் காந்தமும் குறுக்குச் சட்டமும் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கழிக்க வேண்டும். பெட்டி சதுரமா சாய்வா என்பது பற்றிக் கவலற்க. அலையோ எட்டு மீட்டர். அதற்குப் பெட்டியின் வடிவம் தெரியாது, கன அளவே தெரியும்.

பலகை அதிர்ந்தால் அதுவும் ஒரு ஒலிபெருக்கியாகி இசையைக் கெடுக்கும். பலகையின் விறைப்புக் கனத்தின் மும்மடிப்படி உயர்வதால், 12 மில்லிமீட்டருக்குப் பதில் 18 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேலாகிறது. அகன்ற பலகைகளுக்கு இடையே குறுக்குச் சட்டம் ஒன்று அறைந்தால் இன்னும் நன்று. மூட்டுகளில் மரப்பசையைத் தாராளமாக இடுக. காற்றுக் கசிந்தால் வில் ஏது? ஆழ்ந்த சுரம் ஒன்றை ஒலிக்கவிட்டு, ஊதுவத்திப் புகையை மூட்டுகளின் அருகே காட்டினால், கசியும் இடத்தில் புகை துடிக்கும்.

பெட்டி சற்றே சிறிதாகிவிட்டதா? தலையணைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சை உள்ளே தளர்வாக நிரப்புங்கள். இடத்தை அடைக்கும் பஞ்சு பெட்டியைப் பெரிதாக்குவது எவ்வாறு? காற்றை நெருக்கும்போது அது சூடேறுகிறது. அச்சூட்டால் வில் மேலும் விறைக்கிறது. பஞ்சின் இழைகள் அச்சூட்டை வாங்கிக்கொள்வதால் வில் தளர்கிறது. ஒலியின் வேகத்தைக் கணித்த நியூட்டன் இந்த வெப்பத்தைக் கருதாமையால், அவர் கண்ட விடை ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்தது. 1816-இல் லாப்லாஸ் அதைத் திருத்தினார். கொள்கையளவில் பஞ்சினால் 40 சதவீதம் வரை பெரிய பெட்டியின் பயன் கிட்டலாம். நடைமுறையில் அதனினும் குறைவே.

துளைக் குழாய் வைத்த பெட்டி வேறு வகை. கடம் வாசிப்பவர் அதன் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் ஒலியை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வாயிலுள்ள காற்று எடையாகவும் உள்ளிருக்கும் காற்று வில்லாகவும் நின்று அதிர்கின்றன. குழாய் நீண்டால் சுரம் தாழும், அகன்றால் உயரும். அந்தச் சுரத்தை ஒட்டி ஒலி மிகுதியாகக் கிட்டும் என்பது உண்மை. ஆனால் குழாய் குறுகினால் காற்று சீறும். அச்சுரத்துக்குக் கீழே கூம்பு வில்லின் பிடிப்பை இழந்து கட்டின்றி ஆடும். புதிதாகச் செய்பவர்க்கு நான் மூடிய பெட்டியையே பரிந்துரைப்பேன்.

அதற்குக் காரே துணை நிற்கிறது. உட்புறத்தின் நீளம் 2.7 மீட்டரானால், 63 ஹெர்ட்ஸுக்குக் கீழ் அரை அலைகூட உள்ளே அடங்காது. அந்நிலையில் காருக்குள் உள்ள காற்று முழுதும் ஒருங்கே அழுந்தித் தளர்வதால், ஒலி தாழத் தாழ வலுவடைகிறது. மூடிய பெட்டியின் ஒலி தேயும் இடத்திலேயே கார் கைகொடுப்பதைக் கவனித்தீர்களா? வீட்டுக் கூடத்தில் மெலிந்து கேட்ட பெட்டி காரில் நிறைந்து ஒலிப்பது இதனால்தான்.

சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைப் பெரும்பாலும் அனுப்பாதீர்கள். அனுப்பினால் ஒலி டிக்கியிலிருந்து வருவது காதுக்குப் புலப்பட்டுவிடும். 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை இட்டு, எண் பலகையையும் டிக்கி மூடியையும் கையால் அழுத்திப் பாருங்கள். கடகடக்கும் தகடு எது என்று தெரியும். மந்தர ஒலிக்கு நம் செவி மந்தமாதலின், அளவை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும். 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்கு ஊறு என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது.

பெட்டியை டிக்கியில் வெறுமனே வைத்துவிடலாகாது. இருபது கிலோ எடையுள்ள பெட்டி திடீரெனப் பிரேக் போட்டால் முன்னே பாயும். காரின் உடலோடு வார்பட்டையிட்டு இறுகக் கட்டுக. பாட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் கம்பியில், பாட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் ஒன்றைப் பொருத்திய பிறகே இணைப்பைக் கொடுங்கள்.