பன்றி முட்டையும் துணைக் கலங்களும்

நான் கலைப் பாடங்களைப் பயின்றவன். ஆயினும் பன்றியின் முட்டைக் கலம் பற்றிய செய்தியொன்று என் சிந்தையை விட்டு அகலாதிருக்கின்றது.

பாலூட்டிகளின் முட்டை சூலகத்தில் தனித்து வளர்வதில்லை. சிறு கலங்கள் பல திரண்டு அதனைப் போர்த்து நிற்கின்றன. தடித்த உறையினூடே நுண்ணிய இழைகளை நீட்டி, அதற்கு உணவூட்டுகின்றன.

சூலகத்தினின்றும் எடுத்த முயல் முட்டை தானாகவே முதிரத் தொடங்குவதை 1935 இல் பின்கசும் என்ஸ்மனும் அறிவித்தனர். 1965 இல் இங்கிலாந்தின் றொபேட் எட்வேட்ஸ் பன்றி முட்டையின் முதிர்வையும் ஆராய்ந்து வெளியிட்டார். சுண்டெலி முட்டைக்கு ஒரு நாளும் வேண்டா. பன்றி முட்டைக்கோ 40 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். இன்று கொல்களங்களிற் கழிக்கப்படும் சூலகங்களிலிருந்தே ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் முட்டைகளைப் பெறுகின்றன.

துணைக் கலங்களை முன்னரே உரித்துவிட்டாலும் முட்டையின் கரு முதிரக் கூடும். நுணுக்குக்காட்டியில் குறையேதும் தென்படாது. (பரீட்சைத் தாள்களும் சில வேளை நம்மை இவ்வாறு ஏமாற்றுவதுண்டு.) விந்து உட்புகுந்த பின்னரே உண்மை வெளியாகும். அதன் இறுகிய தலையைத் தளர்த்தி விரிக்கும் ஆற்றல் அத்தகைய முட்டைகள் பலவற்றுக்கு இராது. அதற்கு வேண்டிய குளுத்தாதயோன் என்னும் பொருளை முட்டை சேர்த்துக்கொள்ளத் துணைபுரிபவை, நாம் உரித்தெறிந்த அக்கலங்களே. கரு கனிந்தது, அதனைச் சூழ்ந்த குழியவுரு கனியவில்லை.

உரிக்காது விட்டாலோ, அவை பசை போன்ற பொருளொன்றைச் சுரந்து, மொட்டவிழ்வது போல் விரிகின்றன. ஆய்வாளர் முதலில் நோக்குவதும் அவ்விரிவையே.