மரம் இல்லாத வனம்: கான்சாஸ் தேசிய வனத்தின் பத்து வருஷக் கதை

இன்றைய எபிசோடில், பத்தே வருஷத்தில் பிறந்து முடிந்துபோன ஒரு காட்டைப் பற்றிப் பேசப்போகிறோம். காடுன்னு சொல்றேனே தவிர, அங்கே மரம் கிடையாது!

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் கார்டன் சிட்டின்னு ஒரு ஊர். அதற்குத் தெற்கே ஆர்கன்சா ஆற்றைத் தாண்டினால் மணல்மேடுகள். புல்லும் புதரும்தான். 1905-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இதில் 97,280 ஏக்கரை வனக் காப்பகமாக அறிவித்தார். பொதுவாக, இருக்கிற காட்டைக் காப்பாற்றத்தான் இப்படி அறிவிப்பாங்க. இங்கே தலைகீழ். முதலில் அறிவிப்பு, அப்புறம்தான் மரம்.

ஏன் இந்த ஆசை? சமவெளியில் குடியேறியவர்களுக்கு வீடு கட்ட, வேலி போட, அடுப்பெரிக்க மரம் தேவைப்பட்டது. மரம் நட்டால் மழை வரும் என்ற நம்பிக்கையும் இருந்தது. 1873-லேயே, 40 ஏக்கரில் மரம் வளர்த்தால் 160 ஏக்கர் நிலம் தருகிறோம்னு அரசு சட்டம் போட்டது. பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில், தாவரவியலாளர் சார்லஸ் பெஸ்ஸியின் முயற்சியால் 1902-ல் மணல்மேடுகளை வனமாக்கும் வேலை தொடங்கியிருந்தது. அங்கே பைன் மரங்கள் பிழைத்தன. இன்றும் நிற்கின்றன.

கான்சாஸில் அது நடக்கவில்லை. 1908-ல் பரப்பை 3,02,387 ஏக்கராக்கி, 'கான்சாஸ் தேசிய வனம்'னு பெயரும் வைத்தாங்க. பைன், சிவப்பு சீடர் எல்லாம் நட்டாங்க. வறட்சியும் அனல் காற்றும் கன்றுகளைப் பெரும்பாலும் கொன்றுவிட்டன. 1915-ல் அதிபர் உட்ரோ வில்சன் அந்த வனத்தையே ரத்து செய்தார்.

நான் முக்கியமா நினைக்கிறது இதைத்தான். அந்த நிலம் காலியாக இருக்கவில்லை. மணலைப் பிடித்து வைத்திருந்ததே அந்தப் புல்லும் புதரும்தான். காட்டெருமைகளுக்குத் தீனியும் அதுதான். 1930-களில் அந்த வட்டாரத்தில் புழுதிப் புயல்கள் வீசியபோது, புல்லை உழுது புரட்டியதன் விலை எல்லோருக்கும் தெரிந்தது.

பழைய வனத்தின் ஒரு துண்டு வனவிலங்குக் காப்பிடமாக மிஞ்சியது. 1924-ல் அங்கே காட்டெருமைகளைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. இன்றும் மேய்கின்றன. அதே தென்மேற்கு மூலையில், உழுது பாழான வேறு நிலங்களை அரசே வாங்கிப் புல் வளர்த்தது. 1960-ல் அதற்கு சிமரான் தேசியப் புல்வெளின்னு பெயர் சூட்டினாங்க. பராமரிப்பது வனத்துறை.

மரம் நடுவது நல்ல காரியம்தான். ஆனால் குழி தோண்டுவதற்கு முன்னால், அங்கே ஏற்கெனவே என்ன வளர்கிறதுன்னு ஒரு தடவை குனிந்து பார்க்கணும்.