பெத்தவனைக் கேட்டீங்களா?

(‘பாத்திரம் சொந்தம்: படைத்தவருக்கா, பார்த்தவருக்கா?’ நாகர்கோவில் பட்டிமன்றத்தில் ‘படைத்தவருக்கே’ அணியில் பேசியது)



எனக்கு முன்னால பேசின தம்பி நேசமணியைக் கூட்டிட்டு வந்தார். 2001-ல் ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்துல வடிவேலு தலையில் சுத்தியல் விழுந்தது. 2019-ல் உலகமே அவருக்காகப் பிரார்த்தனை பண்ணுச்சு. சரி, சிரிச்சோம். யாருக்கு நஷ்டம்? நான் ஒரு தவளையைக் கூட்டிட்டு வந்திருக்கேன், பாத்துக்கிடுங்க! (சிரிப்பு)

அமெரிக்காவுல மேட் ஃபியூரின்னு ஒரு ஓவியர். 2005-ல் ‘பாய்ஸ் கிளப்’ என்ற படக்கதையில் பெப்பே என்கிற பச்சைத் தவளையை வரைந்தார். அது செய்த பெரிய சாதனை என்ன? கால்சட்டையை முழுசா இறக்கிவிட்டு ஒண்ணுக்குப் போனது! ஏன்னு கேட்டா, ‘சுகமா இருக்கு’ன்னு சொல்லிச்சு. (பலத்த சிரிப்பு) நம்ம வீட்டு மூணு வயசுப் பிள்ளையும் அப்படித்தானய்யா நிக்கும்!

முதல்ல எல்லாரும் மீம் போட்டுச் சிரிக்கத்தான் எடுத்தாங்க. பிறகு இனவெறிக் கும்பல் அதுக்கு நாஜி வேஷம் மாட்டிவிட்டது. யூத வெறுப்பை எதிர்க்கும் ஏ.டி.எல். அமைப்பு 2016 செப்டம்பரில் வெறுப்புச் சின்னங்கள் பட்டியலில் பெப்பேயையும் சேர்த்தது. பெத்த பிள்ளை படம் போலீஸ் ஸ்டேஷன் பலகையில் தொங்கினா தகப்பனுக்கு எப்படி இருக்கும்?

2017 மே மாதம், அவரே அதைச் சவப்பெட்டியில் கிடத்தி வரைந்தார். கும்பல் விட்டதா? செத்ததையும் தூக்கிட்டுத் திரிஞ்சது! அப்புறம்தான் வக்கீல். டெக்சாஸில் ஒரு துணைத் தலைமையாசிரியர், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லவேண்டியவர், முஸ்லிம்களை இழிவாகக் காட்டும் சிறுவர் புத்தகத்துக்கு இந்தத் தவளையைக் கதாநாயகனாக்கினார். அதே வருஷம் விற்பனை நின்றது. லாபம் 1,521 டாலர் ஒரு முஸ்லிம் உரிமை அமைப்புக்கே போய்ச் சேர்ந்தது! (கைதட்டல்) தவளையைப் போட்டுச் சுவரொட்டி விற்ற இன்ஃபோவார்ஸ், 2019 ஜூனில் 15,000 டாலருக்குச் சமாதானமானது.

எதிரணி கேட்கும்: 2019-ல் ஹாங்காங் இளைஞர்கள் இதே தவளையைத் தூக்கிக்கொண்டு ஜனநாயகம் கேட்டார்களே, யாரிடம் அனுமதி வாங்கினார்கள்? நல்ல கேள்வி. ஃபியூரி அதைத் தடுக்கவில்லை, சந்தோஷப்பட்டார். எதுக்குத் தலையாட்டணும், எதுக்குக் கூடாதுன்னு சொல்லுற அந்த உரிமையைத்தான் நாங்க கேக்கோம்.

‘அமெரிக்காக்காரன் சங்கதி நமக்கெதுக்கு’ன்னு நடுவர் பார்க்கிறார். ஐயா, நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டத்திலேயே 57-ஆம் பிரிவு இருக்கு. உரிமையை விற்ற பிறகும், படைப்பைச் சிதைத்துப் பேரைக் கெடுத்தால் படைத்தவர் கேட்கலாம். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் பெயர்த்துக் குடோனில் போட்டார்கள். அரசாங்கம் காசு கொடுத்து வாங்கியதுதான்! ஆனாலும் 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சம் இருப்பதை அவரிடமே கொடு, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடு என்று தீர்ப்பளித்தது. (கைதட்டல்)

நடுவர் மணியில் கை வச்சாச்சு.